கட்டங்களாய் வந்த மின்னஞ்சல்

அம்பிட்டிய பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண் கணவரிடம் சொன்னார்: "உங்களால எங்கட அப்பா பெட்டி பெட்டியாக் கதைக்கிறார்."

"சிஸ்டத்தைப் புதுசாக்கினால் தமிழ் எழுத்துப் போகுமெண்டு எனக்கென்ன தெரியும்?"

சண்டையால் யாழ்ப்பாணப் பாதை மூடிய பிறகு அப்பாவிடமிருந்து வந்த முதல் மின்னஞ்சலாம். வீட்டுக் கொம்பியூட்டரில் திறந்தால் வெறும் கட்டங்கள்தான் தெரிந்தனவாம்.

"இண்டைக்குக் கந்தோரில வேலைக்கு நடுவில பழைய கொம்பியூட்டரில திறந்து வாசிச்சிட்டன்."

கணவரின் குரல் தணிந்தது. "மாமா சுகமாய் இருக்கிறாராமோ?"

"ஓம், சுகமாம். சாமான்தான் தட்டுப்பாடாம்."

"வேறென்ன எழுதியிருக்கிறார்?"

"உங்களைப் பற்றித்தான். கொம்பியூட்டர் பழுதெண்டு முந்தி எழுதினனெல்லே, அதைக் கடையில குடுக்க வேண்டாமாம். மருமகன் கெட்டிக்காரனாம், அவரே திருத்துவாராம்."



"பதிலையும் கந்தோரில இருந்தே எழுதும்," என்றார் கணவர்.