வூட்டுக்கு ஒரு பேரு

செங்கமலம்: இந்த வூடுதான். கேட்டத் தொற.

சங்கீதா: இல்லம்மா... இது இல்ல. மேடம் ஊர்ல இல்லாம இருப்பாங்க. வா, அடுத்த பஸ்ஸப் புடிச்சுப் போயிடலாம்.

செங்கமலம்: அதெல்லாம் இதுதான். மேடம்! ஏங்க மேடம்! கொஞ்சம் வெளிய வாங்க!

சங்கீதா: அய்யோ, கத்தாதம்மா! போர்டப் பாரு. அய்யாசாமின்னு போட்டிருக்கு. நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து தூங்கறாரோ என்னமோ.

செங்கமலம்: எல்லா வூட்டையும் ஒரே அச்சுல ஊத்தி வெச்சா எவளுக்குத் தெரியும்? வாசல்ல செம்பருத்தி நிக்கும்னு சொன்னாங்களே...

சங்கீதா: யாரு சொன்னாங்க?

செங்கமலம்: ...பஸ்ஸுல ஒருத்தி.

சங்கீதா: பஸ்ஸுல ஒருத்திக்கு எங்க மேடம் வூட்டு செம்பருத்தி எப்படித் தெரியும்?

செங்கமலம்: வக்கீலு மாதிரி கேட்டுகினு நிக்காத. நட.

சங்கீதா: சரி, அந்தப் பையையாவது இப்படிக் குடு. கனமாத்தான இருக்கு? இன்னா அது, முருங்கக்காயா? மேடத்துக்கா?

செங்கமலம்: தொடாத! சண்டைக்குப் போறவ எவளாவது முருங்கக்காய் எடுத்துகினு போவாளா?

சங்கீதா: சண்டை வேணாம்மா. உன் கால்ல வுழறேன். அவங்க எனக்கு மென்ட்டரும்மா.

செங்கமலம்: அப்டின்னா?

சங்கீதா: எத்தினி வாட்டி சொல்றது... ஆனர்ஸ் பசங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு மேடமோ சாரோ இருப்பாங்க. எந்த பேப்பர் எடுக்கலாம், மேல எங்க படிக்கலாம், எங்க வாய்ப்பு இருக்குன்னு வழி சொல்வாங்க.

செங்கமலம்: நல்லா சொன்னாங்க வழி! ரெண்டு வருசமா ஜியாலஜி ஜியாலஜின்னு கல்லையும் மண்ணையும் கொண்டாந்து வூட்டுக்குள்ள கொட்டின. பெருக்கினது யாரு?

சங்கீதா: நீதான்.

செங்கமலம்: அரிசி டப்பாவுல ஒரு கல்லு கெடந்துச்சு. தூக்கிப் போட்டதுக்கு ரெண்டு நாளு எங்கூடப் பேசல.

சங்கீதா: அது கல்லு இல்ல, ஃபாசில். மரம் கல்லானது.

செங்கமலம்: மரமோ மட்டையோ. கிளாஸ்ல யாரு ஃபர்ஸ்ட்டு?

சங்கீதா: ...நான்தான்.

செங்கமலம்: டேராடூன்ல ரெண்டு மாசம் ஆராய்ச்சி, காலேஜுக்கு ஒரு பேருதான் அனுப்பலாம்னு கார்த்திகையிலேர்ந்து அதையே பாட்டாப் பாடிகினு இருந்தது யாரு?

சங்கீதா: ம்மா...

செங்கமலம்: முந்தாநாள் வந்து, "இசைப்பிரியா பேரு போயிடுச்சும்மா, அத வுடு"ன்னு தட்டைக் கழுவி வெச்சிட்டு நீ பாட்டுக்கும் படுத்துட்ட. வுடறதா? அந்தப் பொண்ணு உன்னவிட நல்லாப் படிக்குமா?

சங்கீதா: அவளும் நல்லாத்தான் படிப்பா.

செங்கமலம்: நான் கேட்டது அது இல்ல. உன்னவிடவா? வாயத் தொறந்து சொல்லு!

சங்கீதா: ...இல்ல.

செங்கமலம்: அப்புறம்? அவங்க அப்பா மைன்ஸ்ல ஆபீசரு, உங்கப்பா அங்க கான்ட்ராக்ட்டு கூலி. அவ இந்த டவுன்ஷிப் பிளாக்குல பொறந்து வளந்தவ. நீ வளையமாதேவில பொறந்து, மைன்ஸுக்கு நெலம் போயி, வடக்குத்துல வந்து ஒண்டிகினு இருக்கறவ. வேற இன்னா காரணம் இருக்கு, நீயே சொல்லு.

சங்கீதா: எனக்கு இன்னா தெரியும்...

செங்கமலம்: அதான, உனக்கு ஒண்ணுமே தெரியாது. அதோ பாரு செம்பருத்தி. மேடம்! ஏங்க மேடம்!

தேவயானி: வாங்க, வாங்க. இன்னும் காணோமேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

சங்கீதா: எங்களையா மேடம்?

தேவயானி: ...கேஸ்காரரை. சிலிண்டர் வரணும். உள்ள வாங்கம்மா, வெயில் கொளுத்துது. மோர் எடுத்துட்டு வரேன்.

செங்கமலம்: மோரும் வேணாம், தண்ணியும் வேணாம். நின்னுகினே கேக்கறேன். டேராடூனுக்கு எம்பொண்ணு பேரை அனுப்பினீங்களா, இல்லியா?

தேவயானி: அனுப்பலைங்க.

செங்கமலம்: பாத்தியாடி! கூசாம சொல்றாங்க!

சங்கீதா: அம்மா, போலாம்... மேடம், சாரி மேடம். எங்கம்மாவுக்கு விவரம் தெரியாம...

செங்கமலம்: எனக்கா விவரம் தெரியாது? டீச்சரு, ஏன் அனுப்பல?

சங்கீதா: டீச்சர் இல்லம்மா, மேடம்.

செங்கமலம்: நீ வாய மூடு. ஏன் அனுப்பல?

தேவயானி: அதை நான் சொல்றதுக்கு இல்லைங்க.

செங்கமலம்: நீங்க சொல்லாம, அந்த வூட்டு அய்யாசாமியா வந்து சொல்லுவாரு? கிராமத்துப் பொண்ணு அவ்ளோ தூரம் போயி இன்னா கிழிக்கப் போவுதுன்னு நெனச்சீங்களா? இங்கிலீஷு தட்டும்னா? ரயிலு மாறி ஏறத் தெரியாதுன்னா? நல்ல துணி இல்லன்னா?

சங்கீதா: அம்மா, அப்படில்லாம் பேசாத!

செங்கமலம்: பேசுவேன். பேரண்ட்ஸ் மீட்டிங்குல உங்களைக் கையெடுத்துக் கும்புட்டேன் மேடம். "உங்க பொண்ணு பெரிய ஆளா வருவா"ன்னீங்க. வர வழியெல்லாம் அதையே சொல்லிகினு வந்தேன். பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவகிட்ட கூட சொன்னேன். அதெல்லாம் சும்மாவா? மார்க்கு வாங்கறது ஒருத்தி, டேராடூனு போறது ஒருத்தியா?

தேவயானி: நீங்க கேக்கறது நியாயமான கேள்விதாங்க. அப்படி நடக்கற இடமும் இருக்கு. நீங்க கேக்கலைன்னாதான் தப்பு.

செங்கமலம்: நியாயம்னா பதிலைச் சொல்லுங்க!

தேவயானி: பதில் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லைங்க.

செங்கமலம்: சரி. நாளைக்கு பிரின்சிபாலைப் பாக்கறேன். இந்த மேடத்துகிட்ட எந்தப் புள்ளையையும் வுடாதீங்க, இவங்க ஆளப் பாத்துதான் பேரு அனுப்புவாங்கன்னு காலேஜ் கேட்டுல நின்னுகினு வரவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்றேன்.

தேவயானி: தாராளமா சொல்லுங்க.

சங்கீதா: மேடம், நீங்க ஏன் மேடம் சும்மா கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க? சொல்லுங்களேன்!

தேவயானி: என்னத்தைச் சொல்லச் சொல்ற?

செங்கமலம்: அவங்க எங்க சொல்லுவாங்க? மனசாட்சி உறுத்துது. படிச்சிட்டா மட்டும் போதுமா? ஒரு பொண்ணோட வயித்தெரிச்சல வாங்கிக் கட்டிகினு...

சங்கீதா: போதும்! நிறுத்தும்மா! மேடம் மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க என் பேரத்தான் அனுப்பறதா இருந்தாங்க. நான்தான் வேணாம்னேன்!

செங்கமலம்: நீயா வேணாம்ன?

சங்கீதா: லேப்ல வெச்சு அவங்ககிட்ட கெஞ்சினேன். இசைப்பிரியா பேரைப் போடுங்க, எங்க வூட்டுக்குத் தெரிய வேணாம்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கினேன். அதுக்காகத்தான் உங்கிட்ட இவ்ளோ ஏச்சு வாங்கிகினு நிக்கிறாங்க. போதுமா?

செங்கமலம்: ஏன்?

சங்கீதா: ஏனா? நீயும் அதே வூட்லதான இருக்க? அப்பா நிமிந்து நடந்து எத்தினி மாசம் ஆவுது? மைன்ஸ்ல கரி ஓடற பெல்ட்டுக்குக் கீழ கொட்டறத அள்ளி அள்ளி இடுப்பு போச்சு. ராத்திரியில செவத்தப் புடிச்சுகினு எழுந்துக்கறாரு. இனிமே அவரு போவ முடியாது. நின்னுட்டா, அந்த எடத்துக்கு வூட்டுக்கு ஒரு பேரு குடுக்கலாம்னு கான்ட்ராக்டரு சொல்லியிருக்காரு. இந்த மாசத்துக்குள்ள குடுக்கலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க. தம்பி பிரவினுக்குப் பதினெட்டு ஆவல. அப்புறம் யாரு?

தேவயானி: படிப்பு?

சங்கீதா: கரஸ்ல ஏதாவது டிகிரி முடிச்சுக்குவேன் மேடம்.

தேவயானி: ஏதாவது டிகிரி! அன்னிக்கும் இதே பதிலைத்தான் சொன்ன. எனக்கு வந்த கோவத்துக்கு உன்னை ரெண்டு அறை விட்டிருக்கணும். உனக்கு வழி சொல்லத்தான் என்னை மென்ட்டரா போட்டிருக்காங்க. நீயே வழியை மறிச்சு நின்னுக்கிட்டு, யாருக்கும் சொல்லாதீங்கன்னு என் வாயையும் கட்டிட்டுப் போன. பாறையைப் பாத்தா கண்ணு விரியற பொண்ணு நீ. உன்னைக் கரி அள்ள விட்டுட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அடுத்த பேட்ச்சுக்கு வழி சொல்வேன்?

சங்கீதா: உங்களுக்கு என்ன மேடம், சுலபமா சொல்லிடுவீங்க! மாசம் பொறந்தா சம்பளம், தலைக்கு மேல குவார்ட்டர்ஸ். எங்க வூட்ல...

செங்கமலம்: ஏய்! மேடத்த அப்படிப் பேசாத!

சங்கீதா: இவ்ளோ நேரம் நீ பேசினது இன்னாவாம்?

செங்கமலம்: அது வேற. மேடம், அந்த மோரக் கொஞ்சம் குடுங்க. கத்திக் கத்தித் தொண்ட வறண்டுபோச்சு.

சங்கீதா: வேணாம்னியே!

செங்கமலம்: அப்ப சண்டை. இப்ப சண்டை முடிஞ்சுபோச்சு.

தேவயானி: இந்தாங்க. உப்பு போதுமா?

செங்கமலம்: போதும் மேடம். நல்லா இருக்கு.

சங்கீதா: இன்னா நடக்குது இங்க? நான் இங்க கத்திகினு நிக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் உப்பு பாத்துகினு இருக்கீங்க! எல்லாம்தான் முடிஞ்சுபோச்சே. இசைப்பிரியா பேரும் போயாச்சு...

தேவயானி: போகலை.

சங்கீதா: ...மேடம்?

தேவயானி: யார் பேரும் போகலை. இசைப்பிரியாகிட்ட நான் இதைப் பேசவே இல்ல. இன்னிக்கு சாயந்தரம் வரைக்கும் டைம் இருக்கு. நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னா, இப்பவே லேப்டாப்பைத் தொறந்து அனுப்பிடுவேன்.

சங்கீதா: அனுப்பாதீங்க! அனுப்பினாலும் நான் போவ மாட்டேன்.

தேவயானி: போக ஆசை இல்லையா?

சங்கீதா: ஆசையா? அந்த ஊரு எந்தப் பக்கம், மலை எவ்ளோ பழசு, எந்த ட்ரெயின் எத்தன மணிக்குன்னு எல்லாம் எனக்கு மனப்பாடம் மேடம். ஆசையைப் பத்திக் கேக்காதீங்க... நான் போயிட்டா அப்பா எடத்துல யாரு நிப்பா? அதுக்கு ஒரு பதில சொல்லுங்க. ஊர்ல எல்லா வூட்லயும் புள்ளைங்க பேரத்தான் குடுக்கறாங்க. எங்க வூட்ல அந்த வயசுல இருக்கறது நான் ஒருத்திதான். வேற யாரு இருக்கா? நீ சொல்லும்மா. வாயத் தொறந்து சொல்லு, வேற யாரு இருக்கா?

செங்கமலம்: யாரு இருக்காளா? எதுக்க உக்காந்து மோரு குடிச்சிகினு இருக்கறவ உன் கண்ணுக்கு மனுசியாத் தெரியலியா? ஊரே புள்ளைங்க பேரக் குடுத்தா நானும் குடுக்கணுமா? எனக்கு இன்னும் நாப்பது ஆவலடி. களை எடுத்த கை, கரி அள்ளாதா? மேடம் போன் பண்ணி நீ பண்ண காரியத்தைச் சொல்லி அழுதாங்க. மறுநாளே போயி எம் பேரைக் குடுத்துட்டு வந்துட்டேன். நீயே உன் வாயால சொல்லட்டும்னுதான் உன்ன இட்டாந்து, பாவம், இவங்கள இந்த ஏச்சு ஏசினேன். ஆனா கோவம் நெசம்தான். இவங்க மேல இல்ல, உன் மேல. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம எப்படிடி வுட்டுக் குடுத்த? அழுவாத... அந்தப் பையப் பிரி. முருங்கக்காயாம்! ஷூ. உங்கப்பா என் கால அளந்துகினு போயி வாங்கியாந்தாரு. திங்கக்கெழம எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு. நீங்க லேப்டாப்பத் தொறங்க மேடம்.