சுவருக்கு வெள்ளையடித்த வருடம்

கருமண் காட்டுப் பிள்ளைகளையும் தறி ஓடும் தெருப் பிள்ளைகளையும் ஒரே பாயில் அமர்த்தி, பிஞ்சு விரல்களுக்குப் பென்சில் பிடிக்கப் பழக்கி, பாளையம்பட்டிப் பக்கத்தில் முப்பத்தோராண்டுகள் பாடம் சொல்லி, இன்று பணி நிறைவு காணும் பண்பின் செல்வி, எங்கள் தலைமையாசிரியர் முருகலட்சுமி அம்மா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமார வணங்கிப் படிக்கும் மடல்.

நாங்கள் முதலில் எழுதிக் கொண்டுபோன மடலை அம்மா திருப்பித் தந்துவிட்டார்கள். "நல்லதா மட்டும் எழுதியிருக்கீங்க. அந்தச் சுவரு விஷயமும் இருக்கணும். தப்பு என்னோடதுன்னே எழுதுங்க" என்றார்கள்.

அம்மா ஒன்றாம் வகுப்பு எடுத்த காலத்தில், வகுப்பறைச் சுவரின் கீழ்ப்பாதிக்குக் கரும்பலகைப் பூச்சுப் பூசியிருந்தார்கள். பிள்ளைகள் மனம்போல வரைவார்கள். ஆட்டுக்கு எட்டுக் கால், பஸ்ஸுக்குச் சிறகு. நெசவாளர் வீட்டு ஜீவிதா ஒருநாள் உச்சியில் வட்டம் வட்டமாகப் போட்டு, மழை என்றாள்.

"மழை ஏன் தாயி உருண்டையா இருக்கு?"

"இன்னும் விழல டீச்சர். மேலயே இருக்கு."

அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார்கள் அம்மா.

மறுவருடம் தலைமைப் பொறுப்பு வந்தது. தூய்மையான பள்ளிக்குப் பரிசு என்று கல்வித்துறை அறிவித்தது. பார்வையிட ஆட்கள் வருமுன் அம்மாவே நின்று சுவருக்கு வெள்ளையடிக்க வைத்தார்கள். அச்சடித்த படங்களை வரிசையாக மாட்டினார்கள். சுவரில் சாக்பீஸ் பட்டால் அதட்டல்தான். ஆசிரியர் ஜெயக்குமார் மட்டும், "பிள்ளைக கிறுக்க இடம் வேணுமே டீச்சர்" என்றார். "நோட்டுல கிறுக்கட்டும் சார்" என்றார்கள் அம்மா. கேடயம் கிடைத்தது. ஊரே மெச்சியது.

மூன்று வருடம் கழித்து, ஐந்தாம் வகுப்பு ஜீவிதாவிடம் வெள்ளைத்தாளை நீட்டி, "தோணுறத வரைம்மா" என்றார்கள் அம்மா. அரைமணி நேரம் தாள் அப்படியே கிடந்தது. பிறகு அவள் சுவரை ஏறிட்டுப் பார்த்து, அங்கே தொங்கிய ஆப்பிள் படத்தைக் கோடு பிசகாமல் வரைந்து, "சரியா இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள்.

நல்லாருக்கு என்று சொல்லிவிட்டுக் குழாயடியில் போய் நின்ற அம்மா, பின்னாலேயே வந்த ஜெயக்குமாரிடம், "நான்தான் சார் கெடுத்தேன்" என்றார்கள்.

அந்த வாரமே படங்கள் இறங்கின. சுவர் மறுபடி கறுப்பானது. ஒன்றாம் வகுப்புக் குட்டிகள் இரண்டே நாளில் அதை நிரப்பிவிட்டார்கள். ஜீவிதா வகுப்பை ஒரு சனிக்கிழமை வரவழைத்து, கையில் சாக்பீஸ் கொடுத்தார்கள். ஒன்பது பேர் வந்தார்கள். "என்ன வரையணும்னு சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டபடி நின்றார்கள். அம்மா சொல்லவில்லை, காத்திருந்தார்கள். ஒருத்தி ஒரு கோடு இழுத்தாள், உடனே அழித்தாள். மதியம்வரை பார்த்துவிட்டு அனுப்பி வைத்தார்கள்.

அம்மா, தப்பு உங்களுடையது என்று எழுதச் சொன்னீர்கள். அன்று வெள்ளையடித்த வாளியைத் தூக்கியவர்கள் நாங்கள். படங்களுக்கு ஆணி அடித்தவர்கள் நாங்கள். கேடயத்தோடு போட்டோவுக்கு நின்றவர்களும் நாங்களே. ஆகவே உங்களுடையது என்று எழுத எங்களுக்குக் கை வரவில்லை. நம்முடையது என்று எழுதியிருக்கிறோம்.

உடல் நோவின்றி, உள்ளம் நோவின்றி, நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும்.

என்றும் தங்கள் அன்பில்,
ஆசிரியர்கள், சத்துணவுப் பணியாளர்கள்