கேள்விகள் கடைசியில்

கணக்குப் படித்தவர்களுக்கு நேரம் காலம் தெரியாது என்று சொல்வார்கள். அது உண்மையில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். மூன்றரை மணி பாண்டி பஸ் எங்கள் எல்லாருக்கும் நன்றாகத் தெரியும். நான் செய்ததற்குக் காரணமே அந்த பஸ்தான்.

வருடத்துக்கு ஒரு ஞாயிறு, சுற்றுவட்டாரத்தில் கணித ஆராய்ச்சி செய்கிற பத்துப் பன்னிரண்டு பேர் மரக்காணத்தில் கூடுவோம். பொன்னாடை, தலைமையுரை எதுவும் கிடையாது. ஒரு கரும்பலகை, ஆளுக்கொரு பேச்சு, மதியம் மீன் குழம்பு. இடம் மட்டும் என் பொறுப்பு. என் அண்ணன் சடையப்பனுக்கு உப்பளம் இருக்கிறது. தை மாதத்தில் பாத்திகளில் இன்னும் மழைத் தண்ணீர் நிற்கும். உப்புக் கிடங்கு காலியாக, குளுமையாக இருக்கும். கூட்டம் அங்கேதான்.

நான் ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஒரு செவ்வகத்தைச் சதுரங்களாகப் பிரிப்பது பற்றி எனக்கு ஒரு தேற்றம் உண்டு. அதை நான் சொல்வது எப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகு என்றுதான் போடுவார்கள். செல்லப்பன் சார் ஓய்வுபெற்ற பேராசிரியர், பெரிய மனிதர். காலையில் முன்னுரையாக இரண்டு வார்த்தை என்று எழுந்தால், குழம்பு வாசனை வந்த பிறகுதான் உட்காருவார். சாப்பிட்டதும் எல்லாரும் பையைத் தூக்குவார்கள். அடுத்த வருடம் முதல் பேச்சே உன்னுடையது என்று சார் என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். எனக்கு அவர்மேல் வருத்தமே கிடையாது.

இன்றும் அப்படித்தான் ஆனது. மோரைக் குடித்துக்கொண்டே பஸ்ஸைப் பற்றிப் பேசினார்கள். டீ கொண்டுவருகிறேன் என்று வெளியே வந்து கதவை இழுத்துப் பூட்டினேன். உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ள அந்தக் கதவில் வசதியில்லை. அதனால்தான் நான் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. வேறு உள்நோக்கம் இல்லை.

ஒரு கள்ளிப்பெட்டியைப் போட்டு ஏறினால் ஜன்னல் கம்பி முகத்துக்கு நேராக வரும். அங்கிருந்து பேச ஆரம்பித்தேன். செல்லப்பன் சார் கதவைத் தட்டி, என்ன இது என்று கேட்டார். கேள்விகளைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கூட்டங்களில் அதுதானே வழக்கம்.

முதலில் கொஞ்சம் சத்தம் இருந்தது. அனுமந்தையில் டீச்சராக இருக்கும் ரேகா, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றாள். போன வருடமும் அதையேதான் சொன்னாள். ஆனால் பாண்டியில் ஆராய்ச்சி செய்கிற தேவா சாக்பீஸை எடுத்து, நான் சொல்லச் சொல்லப் பலகையில் எழுதத் தொடங்கினார். அதற்கப்புறம் ஒருவரும் கதவுப் பக்கம் போகவில்லை. அவர் ஒரு கோட்டைத் தப்பாகப் போட்டபோது ரேகாவே எழுந்து திருத்தினாள். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முடித்ததும் கைதட்டினார்கள். நான் இறங்கிப் போய்ப் பூட்டில் சாவியை நுழைத்தேன். இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

அப்போது தேவா ஜன்னலுக்கு வந்தார். "மேடம், ரெண்டாவது ஸ்டெப்ல ஒரு கவுண்டர் எக்சாம்பிள் இருக்குது. சின்னதுதான்."

மறுபடியும் பெட்டிமேல் ஏறிப் பார்த்தேன். பலகையில் ஒரு செவ்வகம். அதற்குள் சதுரங்கள், இடைவெளி இல்லாமல். என் தேற்றப்படி அப்படி ஒன்று இருக்கவே கூடாது.

செல்லப்பன் சார் பின்னாலிருந்து, "பரவால்லம்மா ஞானம். சரி பண்ணி எடுத்துட்டு வா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

சாவியைப் பூட்டிலிருந்து எடுத்தேன். உப்பளத்து வாய்க்கால் பக்கத்திலேயே ஓடுகிறது. அதில் போட்டேன். வீசவில்லை, மேடம், போட்டேன்.

பிறகுதான் ரேகா உங்களுக்குப் போன் செய்திருக்கிறாள். உள்ளே குடிதண்ணீர் இருக்கிறது, மீதிச் சோறு இருக்கிறது. அண்ணன் கடப்பாரை எடுத்துவரப் போயிருக்கிறார். மெதுவாக வா என்று சொல்லி அனுப்பினேன். தேவா அந்தச் செவ்வகத்தை அவசரத்தில் போட்டுவிட்டார். நாளைக் காலைவரை உட்கார்ந்து பார்த்தால் அவருக்கே தப்பு தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். பூட்டியது நான். சாவியைத் தண்ணீரில் போட்டதும் நான். இரண்டையும் கணிதத்தின் நன்மைக்காகவே செய்தேன். அந்தச் சதுரங்களுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.