பின் இருக்கையை முதலில் பாருங்கள்

அவையை அமைதியாய் நடத்திச் செல்லும் தலைவர் அவர்களே! பிரேக்கின் மேல் ஒரு காலும் பொறுமையின் மேல் ஒரு காலும் வைத்துக் கற்றுக்கொடுத்த பயிற்சிப் பள்ளி ஆசிரியர்களே! இன்று உரிமம் பெறும் இளையோரே! அவர்கள் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்திருக்கப்போகும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

விபத்தான வண்டிகளை இழுத்துச் செல்லும் மீட்பு வண்டி ஓட்டுநர் நான். காலையிலிருந்து மூன்று கார்களைத் தூக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நேரே மேடைக்கு வந்திருக்கிறேன். உடம்புக் களைப்பு உறங்கினால் போகும். ஒரே தவற்றை ஓராயிரம் முறை ஓரமாய் நின்று பார்த்த களைப்பு எங்கே போகும்?

ஒரு பிற்பகல். நாற்சந்தியில் இரண்டு கார்கள் மோதிக்கொண்டன. ஒன்றை ஓட்டியவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்; மற்றதை ஓட்டியவர் கணக்கு வாத்தியார். ஒரு கதவு நசுங்கியிருந்தது, ஒரு விளக்கு நொறுங்கியிருந்தது. நான் போய் இறங்கும்போது இருவரும் நடுச்சாலையில் மல்லுக்கு நிற்கிறார்கள்.

"பச்சை விழுந்தப்புறம்தாங்க வந்தேன்!"

"கண்ணாடிக் கடை வச்சிருக்கீங்க, உங்களுக்கே சிவப்பு தெரியலையா?"

சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் படிவத்தை நீட்டினேன். என் கண்ணில் முதலில் பட்டதும் கதவுதான். என் வாயில் முதலில் வந்ததும் வண்டி எண்தான்!

கொக்கி மாட்டக் குனிந்தபோதுதான் பார்த்தேன். நசுங்கிய கதவுக்குப் பின்னே, பின் இருக்கையில், கடைக்காரரின் மனைவி. தையல்காரர். தைத்து முடித்த துணிகளை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, நெற்றி வியர்த்திருந்தது.

"அடிபட்டிருக்காம்மா?"

"ஒண்ணுமில்ல தம்பி."

அந்தச் சொல்லை நம்பிப் போயிருப்பேன். ஏனோ கால் நகரவில்லை. மறுபடி கேட்டேன்.

"வண்டி கிடக்கட்டும்மா. எங்க வலிக்குது, சொல்லுங்க."

"இடது பக்கம்... மூச்சு விட்டா பிடிக்குது."

ஆம்புலன்ஸை அழைத்தேன். அவர் மடியிலிருந்த துணிகளை என் வண்டியில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். மருத்துவமனையில் மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: "அடிபட்டு எவ்வளவு நேரமாச்சு?"

கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாத்தியார்தான் தலைகுனிந்து சொன்னார்: "ஆம்புலன்ஸைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே அம்பது நிமிஷம், டாக்டர்."

ஐம்பது நிமிடம்! உள்ளே மண்ணீரல் கிழிந்து உதிரம் கசிந்த ஐம்பது நிமிடம். வெளியே பச்சையா சிவப்பா என்று பட்டிமன்றம் நடந்த ஐம்பது நிமிடம். அறுவைச் சிகிச்சை முடியும்வரை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சிக்னலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார், மண்ணீரலை எடுத்துவிட்டார்கள்.

என்ன கேட்கிறீர்கள், பின்வரிசை ஐயா? காப்பீடா? கிடைக்கும் ஐயா, கிடைக்கும். எங்கே போனாலும் இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. சொல்கிறேன். வண்டியை நிறுத்துங்கள், ஓடிவிடாதீர்கள். எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். உங்கள் வண்டியிலும் எதிர் வண்டியிலும் ஒவ்வொருவரையும் முகம் பார்த்துக் கேளுங்கள். 'ஒன்றுமில்லை' என்றால் இன்னொரு முறை கேளுங்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள், தீயோ வேறு ஆபத்தோ இல்லையென்றால் அடிபட்டவரை அசைக்காதீர்கள். காவல் துறைக்குச் சொல்லுங்கள். பிறகு படம் எடுங்கள், எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், காப்பீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். சண்டை? அதற்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை!

பத்து நாள் கழித்து, என் வண்டியிலேயே தங்கிவிட்ட துணிகளைக் கொடுக்கப் போனேன். கணவர் கட்டிலருகே கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றேன்.

"அவரே அவ்வளவு கோவத்துல இருந்தாரு தம்பி. நடுவுல நான் வேற எதுக்குன்னு இருந்துட்டேன்."

கஞ்சி ஆற்றிய கை அப்படியே நின்றுவிட்டது.

இளையோரே! நம் கோபத்துக்கு அஞ்சி ஒருவர் தம் வலியை விழுங்குகிறார் என்றால், அந்த விபத்து இன்னும் முடியவில்லை. நாம்தான் அதை நடத்திக்கொண்டிருக்கிறோம்.

கேட்டிருந்த அனைவருக்கும் நன்றி. பத்திரமாகப் போய்ச் சேருங்கள். வணக்கம்.