கதவைத் தூக்கிய இருவர்

அண்ணி: ...இது நீயாம். இடுப்பைப் பாரேன்!

நாத்தனார்: சிற்பித் தம்பிக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு ஏன் வயித்தெரிச்சல்?

சிற்பி: வேணும்னா குண்டாக்கிடறேன்மா. இப்ப களிமண்தான். நாளைக்கு அச்சு எடுத்துட்டா வெண்கலம். ஒண்ணும் மாத்த முடியாது.

நாத்தனார்: ஐயோ, வேணாம். நாற்சந்தியில ஊரே பார்க்கப்போற சிலை!

அண்ணி: கீழ "போர்க்களத்தில் பெண்கள் வீரம்"னு பொறிக்கிறாங்களாம். வீரமாவது... சமையலறைக் கதவைக் கழட்டி, குண்டடி பட்ட உன் அண்ணனைப் படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம்.

நாத்தனார்: தாழ்ப்பாள் வழி பூரா லொடலொடன்னு... அதைவிட உங்க வாய். "பள்ளம் பாருடி, ஆட்டாதேடி..."

அண்ணி: முன்னாடி பிடிச்சவ நீ. பள்ளத்தை நானா பார்க்கணும்?

நாத்தனார்: அதுவரைக்கும் நாங்க முகம் குடுத்துப் பேசினதே இல்லை தம்பி. அன்னிக்குத்தான் இவங்க என்னை "டி" போட்டாங்க.

சிற்பி: நான் உங்களைக் கூப்பிட்டதே ஒரு சந்தேகத்துக்குத்தான். அவரோட கை. கதவு விளிம்பைப் பிடிச்சிருக்கணுமா, தொங்கணுமா?

அண்ணி: பிடிச்சிருக்கட்டும்.

சிற்பி: ஆஸ்பத்திரி வரைக்கும் பிடிச்சிருந்தாரா?

அண்ணி: ...வரைக்கும்தான். தலைமாட்டுல நான்தானே? முகம் எனக்குத்தானே தெரியும்? தண்ணி கேட்டாரு. தங்கச்சிக்குக் கை வலிக்குதான்னு கேட்டாரு.

நாத்தனார்: "சிரிக்கிறாருடி"ன்னுகூடச் சொன்னீங்க. குண்டுச் சத்தத்துல அண்ணன் பேசினதுதான் எனக்குக் கேக்கலை.

அண்ணி: மெதுவாத்தான் பேசினாரு.

சிற்பி: சரி, அப்ப பிடிச்ச மாதிரியே விட்டுடறேன்...

அண்ணி: இரு தம்பி. வெண்கலம் எத்தனை காலம் நிக்கும்?

சிற்பி: நம்ம எல்லாரும் போன பிறகும் நிக்கும்.

அண்ணி: அப்ப... தொங்கவிடு.

சிற்பி: அம்மா?

அண்ணி: வழியில, அந்தப் பாலத்துலயே போயிட்டாருடி. சொன்னா நீ அங்கேயே உக்காந்திருவே. வெட்டவெளி. உன்னையும் விட்டுட்டு நான் எங்க போறது... அதான் பேசிக்கிட்டே வந்தேன்.

நாத்தனார்: தெரியும் அண்ணி.

அண்ணி: என்ன தெரியும்? நீ திரும்பக்கூட இல்லையே!

நாத்தனார்: அண்ணன் கால் என் முதுகுல முட்டிக்கிட்டே வந்துச்சு. சின்ன வயசுல என்னை எழுப்புவானே, அதே மாதிரி கட்டைவிரலால நோண்டிக்கிட்டு... பாலத்துல நின்னுடுச்சு. நான் திரும்பியிருந்தா நீங்க கதவைக் கீழ போட்டிருப்பீங்க. அதான் திரும்பலை.