தகரத்தில் காய்ந்த பாண்

"குனிங்க! குனிங்க!"

கத்துவது பாண்கார நிசார் நானா. சைக்கிளை ஒழுங்கையில் போட்டுவிட்டு ஓடி வருகிறார். கையில் பேக்கரிப் பாண் பெட்டி. அடுத்த செல் குண்டு வருகிறது. முதலில் மெல்லிய விசில். பிறகு ஒன்றும் கேட்காத ஒரு கணம். பிறகு நிலம் உதறுகிறது. பெட்டியோடு பங்கர்க் குழிக்குள் விழுகிறார்.

கட்டைபறிச்சான். எங்கள் வீட்டுப் பின்வளவு. பனங்குற்றி அடுக்கிய பங்கர். உள்ளே நான், என் அக்கா மலர், அவளுடைய மகள் துளசி. துளசிக்கு நாலு வயது. அத்தான் விடியமுன்னம் வள்ளத்தில் கடலுக்குப் போனவர். நானா தோப்பூர் ஆள். காலையில் ஹோன் அடித்துக்கொண்டு பாண் விற்க வருபவர். அன்று எங்களோடு மாட்டிக்கொண்டார்.

மூதூர்ப் பாதை மூடிவிட்டது. அடுப்பு மூட்டப் பயம். புகையைக் கண்டால் அடிப்பார்கள். இருந்தது அந்தப் பெட்டிப் பாண் மட்டும்.

முதல்நாள் மழை. பங்கர்ச் சுவர் கசிந்தது. நானா பாணைத் தொட்டுப் பார்த்தார்.

"பொலித்தீன் பைக்குள்ள இருந்து வெளிய எடுங்க தங்கச்சி. உள்ளுக்கு வேர்த்தா பூஞ்சணம் பிடிச்சிரும்."

எடுத்தோம். காய்ந்த சீலைத் துணியில் சுற்றினோம். அந்த ஈரத்துக்கு அது போதவில்லை. பிறகொரு காலை துணியை விரித்தபோது ஒரு பாணின் அடியில் பச்சைப் புள்ளிகள். அக்கா நகத்தால் கிள்ளப் பார்த்தாள்.

"இதைக் கிள்ளிப்போட்டா மற்றப் பக்கம் நல்லாத்தானே கிடக்கு நானா. பிள்ளைக்குக் குடுப்பம்."

"வேணாம் புள்ள. மேல தெரியிறது கொஞ்சம். உள்ளுக்கு வேர் ஓடியிருக்கும். புள்ளைக்கு வயித்தால போனா இதுக்குள்ள என்ன செய்யிற?"

முழுப் பாணையும் மண்ணுக்குள் புதைத்தோம். துளசி அழவில்லை. புதைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிச்சத்தைக் காயவைத்தால் தப்பும் என்றார் நானா. ஈரம் போனால் பூஞ்சணம் வராது. மெல்லிசாக வெட்டினோம். குசினிக் கூரைத் தகரம் ஒன்று கழன்று முற்றத்தில் கிடந்தது. வெயிலில் கொதித்தது. அதில் பரப்பினோம். செல் ஓயும்போது அக்கா ஓடிப்போய்த் திருப்பிப் போடுவாள். ஓடி வருவாள். மூச்சு வாங்க வாங்கச் சிரிப்பாள். "மொறுமொறு எண்டு வருதடி" என்பாள்.

மத்தியானம். நெடுநேரமாகச் சத்தம் இல்லை. ஒரு காகம் கரைகிறது. அக்கா தகரத்தடியில் குந்தியிருந்து காய்ந்த துண்டுகளை மடியில் சேர்க்கிறாள்.

விசில்.

"மலர்! விட்டுட்டு ஓடி வா!"

நானாவின் குரல். அக்கா எழும்புகிறாள். மடியை விடவில்லை. நானா வெளியே பாய்கிறார். அவள் கையைப் பிடிக்கிறார். அவ்வளவுதான் கண்டேன். பிறகு புழுதி.

காது இரைந்தது. துளசியின் கண்ணைப் பொத்தினேன். அக்காவைக் கூப்பிட்டேன். நானாவைக் கூப்பிட்டேன். யாரும் எழும்பவில்லை.

பின்னேரம் வெளியே போனேன். இருவரையும் தறப்பாளால் மூடினேன். பிறகு குனிந்து பாண் துண்டுகளைப் பொறுக்கினேன். இரத்தம் படாததாகப் பார்த்துப் பொறுக்கினேன். பிள்ளைக்குப் பசி. தகரப்பேணியில் போட்டு இறுக்கி மூடினேன். தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன். அம்மா எங்கே என்று கேட்டுக்கேட்டே தின்றாள். கடைசித் துண்டுவரை பூஞ்சணம் பிடிக்கவில்லை. பாதை திறக்கும்வரை எங்களை உயிரோடு வைத்தது அதுதான்.

இப்போது நானும் வளர்ந்துவிட்ட துளசியும் திருகோணமலைத் துறைமுகத்தடியில் இருக்கிறோம். கடற்காற்றுக்கு எல்லாம் ஈரம் பிடிக்கும். பாணைச் சூடு ஆறமுன்னம் நான் பைக்குள் கட்டுவதில்லை. மிஞ்சினால் அன்றைக்கே துண்டு வெட்டி உறையவைக்கிறேன்.

"ஏன் சித்தி கஷ்டப்படுறீங்கள்? நாளைக்குப் புதுப் பாண் வாங்கலாம்தானே?" என்பாள் துளசி.

"ஓம், வாங்கலாம்." வெட்டிக்கொண்டே சொல்வேன்.

எங்களுக்குப் போனதைச் சொல்கிறேன். வீடு. குசினி. வள்ளம். என் அக்கா மலர். கடலிலிருந்து திரும்பி வராத அத்தான். நிசார் நானா. இறந்தவர்களைப் பதிய எங்கள் ஊருக்கு வந்தவர்கள், அவர் தோப்பூர் ஆள், அங்கே பதிவார்கள் என்றார்கள். தோப்பூரில் அவர் மனைவியைப் பார்க்கப் போனேன். "அவர் கட்டைபறிச்சான்ல மௌத்தானவராம். அங்கதான் பதியணுமாம்" என்றார். இரண்டு ஊர்க் கணக்கிலும் அவர் இல்லை.

எங்களுக்குப் போனது நானாவோடு மூன்று உயிர். இரண்டு அல்ல. மூன்று.