மீன்களுக்குக் காற்று

குளத்து மீன்கள் குளிரில் சாவதில்லை. மூச்சு முட்டித்தான் சாகின்றன. மேலே ஐஸ் மூடிக்கொள்ளும், அதன்மேல் பனி விழும், அடியில் அழுகுகிற இலைகள் தண்ணீரில் மிச்சமிருக்கும் காற்றைத் தின்றுவிடும். நாமக்கல்லில் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவள் நான். ஐஸைக் கண்ணால் காணாத ஊரில் இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

உங்களுக்கு இது வேண்டாத விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் குளத்தைப் பற்றிச் சொல்லாமல் ஸ்ரீநிதியைப் பற்றிச் சொல்ல முடியாது.

என் கணவர் சுந்தரராஜனுக்கு ஹனோவரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, 2003இல் வந்தோம். அவர் காலையில் போனால் இருட்டித்தான் திரும்புவார். நான் ஜெர்மன் வகுப்புக்குப் போய்ப் பார்த்தேன். படித்தால் புரியும், பேச வாய் வராது. தெருக்கோடியில் ஒரு பூங்கா இருந்தது. குழந்தைகள் விளையாடும் மணலில் பாட்டில் சில்லு, குளத்தில் கடைத் தள்ளுவண்டிகள். ஒரு நாள் கையுறை மாட்டிக்கொண்டு சில்லுகளைப் பொறுக்க உட்கார்ந்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

சிவகுருநாதன் அண்ணை அந்த வழியாக வேலை முடிந்து நடந்து போகிறவர். யாழ்ப்பாணத்துக்காரர், நகரப் பேருந்து ஓட்டுகிறார். நின்று பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, தனிய நிண்டு செய்யிறீங்கள்? பொறுங்கோ, நானும் வாறன்" என்றார். அடுத்த வாரம் எதிர்வீட்டு ஜெர்மன்காரக் கிழவர் சேர்ந்தார். பிறகு மூலைக்கடைத் துருக்கிக்காரர் பெஞ்சுக்குப் பலகை கொடுத்தார். அக்கம்பக்கத்தார் பூங்காவைப் பொறுப்பெடுத்துக்கொண்டால் மண்ணும் செடியும் கருவிகளும் தருவதாக மாநகராட்சியில் ஒரு திட்டம் இருந்தது. ஹெங்கெல் அம்மாள் என்ற அதிகாரி எங்களைக் கூட்டத்துக்கு அழைத்தார். எனக்காகப் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஸ்ரீநிதியை அழைத்து வந்தது நான்தான். இதை இப்போது யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய வந்த கோயம்புத்தூர்ப் பெண். பொங்கல் விழாவில் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில்தான் சாப்பாடு. அக்கா அக்கா என்று சுற்றிவருவாள். கூட்டத்தில் நான் தமிழில் ஒரு வாக்கியம் சொன்னால் அவள் ஜெர்மனில் நான்கு சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிப்பு வருகிற மாதிரி எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். கேள்வி என்னுடையதாக இருக்கும், பதிலை அவளைப் பார்த்துச் சொல்வார்கள்.

முதல் குளிர்காலத்தில் மீன்கள் செத்து மிதந்தன. குளத்தின் அடியில் காற்று ஊதும் பம்பு ஒன்று வைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். வீட்டு மீன்தொட்டியில் இருக்குமே, அதுபோல, பெரியதாக. அவள் அதைக் கூட்டத்தில் எழுந்து சொன்னபோது கைதட்டினார்கள். அவள் என் பக்கம் கை காட்டினாள் என்பது உண்மைதான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பம்பு வைத்த நாளில் குளத்தில் கழுத்தளவு இறங்கி நின்றவர்கள் சிவகுருநாதன் அண்ணையும் நானும். அவள் அப்போது மாநகராட்சி அலுவலகத்தில் பேசிக்கொண்டிருந்தாள். அதனால் பம்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. பம்புப் பெட்டியின் சாவியும் என்னிடம்தான். குளம் உறைந்தாலும் குமிழி வருகிற இடம் உறையாது. சுற்றிலும் சிவப்பு வெள்ளை நாடா கட்டிவைத்திருந்தோம். குளிர் தொடங்கிவிட்டால் அவள் கூட்டங்களோடு சரி, குளத்துப் பக்கம் வரமாட்டாள்.

பத்திரிகையில் எங்கள் படம் வந்தது. நடுவில் அவள். ஓரத்தில் என் முழங்கை. சுந்தரராஜன் அதைக் காபியோடு பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு இல்லேன்னா இதெல்லாம் உன்னால முடிஞ்சிருக்குமா?" என்றார். அவர் மோசமாக எதுவும் நினைத்துச் சொல்லவில்லை. சிவகுருநாதன் அண்ணைகூட, ரோஜாச் செடிகளை எப்போது வெட்டுவது என்று நான் கேட்டதற்கு, "ஸ்ரீநிதிப் பிள்ளையிட்ட ஒருக்கா கேப்பம்" என்றார். ரோஜாவைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு வத்தக்குழம்பு வைத்தேன். இரண்டு முறை போட்டுக்கொண்டாள்.

2006 தொடக்கத்தில் நல்ல குளிர். நகரத்தின் சிறந்த பூங்காக் குழு என்று எங்களுக்குப் பரிசு அறிவித்தார்கள். மறுநாள் காலையில் பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வருகிறார்கள் என்று ஸ்ரீநிதி போன் செய்தாள். "ஐஸ் மேல நின்னு எடுக்கணுமாம் அக்கா. சேஃப்தானே?"

"கரையோரம் எல்லாம் கெட்டியா இருக்கு" என்றேன். அது உண்மை.

மாலை நான்கு மணி வெளிச்சத்தில் பூங்காவுக்குப் போனேன். நாடா படத்தில் அசிங்கமாக விழும் என்று தோன்றியது, அவிழ்த்தேன். பிறகு பெட்டியைத் திறந்து பம்பை நிறுத்தினேன். சத்தம் பேட்டி எடுக்க இடைஞ்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரவு பனி பெய்தது. குமிழி வந்த இடத்திலும் மெல்லிய ஐஸ் மூடி, காலையில் குளம் முழுக்க ஒரே வெள்ளை. எது எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருந்தது.

ஹெங்கெல் அம்மாளும் படம் எடுப்பவரும் கரையில் நின்றார்கள். ஸ்ரீநிதி அவர்களிடம் ஜெர்மனில் ஏதோ சொன்னாள். அதில் என் பெயர் இரண்டு முறை வந்தது. பிறகு ஐஸில் கால்வைத்துத் திரும்பி, "பம்பு எந்தப் பக்கம் அக்கா? அந்தப் பக்கம் போகாம இருக்கேன்" என்று கேட்டாள்.

நான் நாணல் புதரைக் காட்டினேன். பம்பு அங்கே இல்லை. வாயால் நான் பொய் எதுவும் சொல்லவில்லை.

அவள் நாணலை விட்டு விலகி, எதிர்ப்பக்கமாக நடந்தாள். கொஞ்ச தூரம் போய் நின்று, "வாங்கக்கா, நீங்க இல்லாம எப்படி?" என்று கையை நீட்டினாள். பூட்ஸ் வழுக்குகிறது, பின்னால் வருகிறேன் என்றேன். அப்போது சிவகுருநாதன் அண்ணை இரவு வேலை முடிந்து வாசல் பக்கமாக வந்தார். "பிள்ளை, அங்கால போகாதேங்கோ! நில்லுங்கோ!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். அவருக்குக் கையாட்ட அவள் ஓரடி பின்னால் எடுத்துவைத்தாள்.

அண்ணை வயிற்றால் ஊர்ந்து போய்க் கையால் ஐஸை உடைத்தார். அவர் விரல்கள் கிழிந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளியே இழுத்தபோது நேரமாகியிருந்தது. அவ்வளவு நேரம் நான் என்ன செய்தேன் என்று முன்பே கேட்டீர்கள். ஓடிப்போய் ஆம்புலன்ஸ் வருகிறதா என்று பார்த்தேன் என்று சொன்னேன். நான் போனது பம்புப் பெட்டிக்கு. திறந்து, போட்டேன். மீன்கள் ராத்திரி முழுக்கக் காற்றில்லாமல் இருந்தன. நீங்கள் வந்து பார்த்தபோது பம்பு ஓடிக்கொண்டிருந்தது, நாடாவைக் காற்று அடித்துப் போயிருக்கும் என்று நீங்களே எழுதிக்கொண்டீர்கள். அது என் கோட்டுப் பையில் சுருட்டியபடி இருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து அவள் அம்மா வந்தார். என் வீட்டில்தான் தங்கினார். நான்தான் பார்த்துக்கொண்டேன்.

போன வாரம் சிவகுருநாதன் அண்ணை என்னிடம் வந்து உட்கார்ந்தார். கையில் இன்னும் கட்டு. அன்று கரையில் அவள் ஜெர்மனில் சொன்னது என்ன என்று ஹெங்கெல் அம்மாள் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

"இது முழுக்க வைதேகி அக்காவின்ர யோசனை, நான் அவவின்ர வாய் மட்டுந்தான், அவவை நடுவில நிப்பாட்டி எடுங்கோ எண்டு சொன்னவவாம்" என்றார். அழுதார்.

அண்ணைக்கு எப்போதுமே அவள் மேல் பாசம் அதிகம். இறந்தவர்களைப் பற்றி நல்லதாகச் சொல்வது வழக்கம்தான். நான் தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

நான் பயந்து இந்தக் காவல் நிலையத்துக்கு வரவில்லை. என்னை யாரும் சந்தேகப்படவில்லை, மனசாட்சி உறுத்தித் தூக்கம் கெட்டுவிடவும் இல்லை. நேற்றுக் குழுக் கூட்டம் நடந்தது. வசந்தத்தில் அந்தக் குளத்துக்கு ஸ்ரீநிதியின் பெயரை வைக்கிறார்களாம். எல்லோரும் கை தூக்கினார்கள். என்னையும் பார்த்தார்கள், நானும் தூக்கினேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரிந்தது.

அதனால்தான் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு வந்தேன். சில்லு பொறுக்கியது நான், பம்பு என் யோசனை. அதை நிறுத்தியது, நாடாவை அவிழ்த்தது, நாணலைக் காட்டியது, எல்லாம் நான். அந்தக் குளத்தில் நடந்தது எதுவும் அவள் செய்ததில்லை. தயவுசெய்து அதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.